ஒரு தடவை பால் குடிப்பதை முழுசாகப் பாருங்கள்

சிசேரியன் வார்டில் மூன்றாம் நாள் சாயங்காலம் அநேகமாக இப்படித்தான் இருக்கும். குழந்தை விடாமல் அழுதுகொண்டிருக்கும். தையல் வலியோடு தாய் சுவரில் சாய்ந்திருப்பார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரைப் பார்த்ததும் பாட்டி எழுந்து, “பாலே இல்லைங்க டாக்டர், பச்சப்புள்ள தொண்டை காஞ்சு கிடக்குது, பவுடர் பால் எழுதிக் குடுங்க” என்பார். டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியைச் சரிசெய்ய அந்தத் தாய்க்குப் பல வாரம் பிடிக்கலாம்.

காரணம் எளிது. மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ, அந்த அளவுக்குத்தான் மறுபடி ஊறும். டப்பா பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தை மூன்று நான்கு மணி நேரம் தூங்கிவிடும். அதுவரை மார்பில் பால் தேங்கி நிற்கும். தேங்கினால் ‘போதும்’ என்று சுரப்பிக்குத் தகவல் போய் அடுத்த வேளைப் பால் குறையும். குறைந்ததைப் பார்த்ததும் “நான் அப்பவே சொன்னேனே, பால் இல்லைன்னு” என்று வீட்டில் உறுதியாகிவிடும்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். ஆனாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் சுமார் 60 சதவீதம்தான். இதற்கு வீட்டுப் பழக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த முதல் மணி நேரத்தில் குழந்தை இருப்பது டாக்டர்களும் நர்ஸ்களுமான நம் கையில். வார்மர் என்ற சூடேற்றும் மேசையில் வைத்து எடை பார்த்து, டேக் கட்டி, துணி சுற்றி, சொந்தக்காரர்களிடம் காட்டிவிட்டுத் தாயிடம் கொண்டுபோவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடுகிறது.

லேபர் வார்டில் செய்யவேண்டியது இதுதான். குழந்தை நன்றாக அழுது மூச்சு விட்டால், துடைத்துவிட்டு நேராகத் தாயின் வெறும் மார்பில் குப்புறப் படுக்க வையுங்கள். தலைக்குத் தொப்பி, முதுகுக்கு மேல் காய்ந்த துணி. கைகளை மட்டும் துடைக்காமல் விடுங்கள், பனிக்குட நீரின் வாசனைதான் குழந்தைக்கு வழி காட்டுகிறது. எடை, வைட்டமின் கே ஊசி, கால்ரேகை எல்லாம் ஒரு மணி நேரம் பொறுக்கும். குழந்தை முதலில் சும்மா கிடக்கும். பிறகு வாயைச் சப்பும், கையை நக்கும், காலால் உந்தி மெதுவாக நகரும். தானாகக் காம்பைப் பிடிக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, தலையைப் பிடித்து மார்பில் அழுத்துவதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு. பின்னந்தலையை அழுத்தினால் குழந்தை தலையைப் பின்னுக்கு வளைக்கும். அதைப் பார்த்து “மார்ப வேணாங்குது” என்று தாய் நினைத்துக்கொள்வார்.

இந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் கண் எடுக்காமல் இருக்க வேண்டும். மூக்கு அடைபடாமல் இருக்கிறதா, நிறம் மாறுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாய் அசந்து தூங்கினால் குழந்தையை எடுத்துத் தனியே படுக்க வைக்க வேண்டும். சிசேரியன் என்றால், முதுகுத்தண்டு மயக்க மருந்து கொடுத்த தாய் விழிப்பாகத்தான் இருப்பார். தியேட்டரிலேயே மார்பின் குறுக்கே வைக்கலாம். இடமில்லையென்றால் ரெக்கவரி அறையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொடுக்கலாம். இது யார் வேலை என்று டியூட்டி சார்ட்டில் பெயர் போட்டு எழுதாத மருத்துவமனைகளில் இது நடப்பதில்லை.

அடுத்தது, இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம். “பால் பத்தலை” என்று யார் சொன்னாலும், எதையும் எழுதுவதற்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு தடவை குழந்தை பால் குடிப்பதைத் தொடக்கம் முதல் கடைசி வரை பாருங்கள். இருபது நிமிடம் ஆகும். பல வார்டுகளில் தாய் டிஸ்சார்ஜ் ஆகும்வரை அந்த இருபது நிமிடத்தை யாரும் ஒரு முறைகூடக் கொடுப்பதில்லை.

முதலில் தாயைப் பாருங்கள். முதுகுக்கு முட்டு இருக்கிறதா, கால் தொங்குகிறதா, தோள் காதுவரை ஏறியிருக்கிறதா? கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் தாயால் குழந்தையைச் சரியாகப் பிடிக்க முடியாது. தலையணை வையுங்கள், காலுக்கு ஸ்டூல் வையுங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தையல் உள்ளவர்களுக்குக் குழந்தையைக் கக்கத்துக்குள் இடுக்கிப் பிடிக்கும் முறையும், ஒருக்களித்துப் படுக்கும் முறையும் வசதி. வயிற்றில் பாரம் விழாது.

பிறகு குழந்தையைப் பாருங்கள். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்கும் குழந்தையால் விழுங்க முடியாது. நாமே தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பார்த்தால் புரியும். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தாயின் கை குழந்தையின் பிடரிக்குக் கீழே, தோள்களுக்கு நடுவில் தாங்க வேண்டும். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். காம்பால் மேலுதட்டை மெல்லத் தொட்டால் குழந்தை தலையை நிமிர்த்தி வாயைத் திறக்கும். சின்னதாகத் திறக்கும்போது அவசரப்படக் கூடாது. கொட்டாவி விடுகிற அளவுக்குத் திறக்கும் நொடியில், முதலில் தாடை மார்பைத் தொடும்படி சட்டென்று அணைக்க வேண்டும்.

சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் புதைந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் குழி விழாமல் உப்பியிருக்கும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். இதெல்லாம் சரியாக இருந்தும் விழுங்காத குழந்தைகள் உண்டு என்பதால் அடுத்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் வேகமாகச் சப்பும். பால் வாய்க்கு வரத் தொடங்கியதும் சப்பல் நிதானமாகும். தாடை ஆழமாக இறங்கி ஒரு நொடி நின்று ‘க்’ என்று மெல்லிய சத்தம் வரும். பால் ஊறியபின் ஒன்று இரண்டு சப்பலுக்கு ஒரு விழுங்கல் என்பது நல்ல கணக்கு. முதல் இரண்டு நாள் விழுங்கல் அரிதாகத்தான் கேட்கும், அது இயல்பு. ‘டிக் டிக்’ என்று நாக்கு சொடுக்கும் சத்தம் வந்தால் பிடி நழுவுகிறது என்று அர்த்தம்.

குழந்தை வாயை விட்டதும் காம்பின் வடிவத்தைப் பாருங்கள். உருண்டையாக வந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக்கின் நுனி மாதிரி ஒரு பக்கம் சரிந்து வெளுத்திருந்தால், குழந்தை காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருக்கிறது. காம்பு வெடிப்புக்கு ஆயின்ட்மென்ட் எழுதுவதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும். பிடி மாறாமல் எந்த மருந்தும் புண்ணை ஆற்றாது. பிடியைத் திருத்திய பிறகும் வலி தொடர்ந்தால்தான் நாக்கின் அடியில் உள்ள இழை நாக்கை இழுத்துப் பிடிக்கிறதா (நாக்கு ஒட்டு) என்று சோதிக்கும் கட்டம் வரும். நாக்கு ஒட்டு கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக மட்டும் வெட்டத் தேவையில்லை.

இனி பால் போதுகிறதா என்ற கேள்வி. இதற்கு விடை அழுகையில் இல்லை. கணக்கில் இருக்கிறது. முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிக்கும் சீம்பால் 2 முதல் 10 மில்லிதான். இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60. முதல் நாள் ஒரு டீஸ்பூன் போதும் என்று பாட்டிக்கு ஒரு ஸ்பூனைக் கையில் எடுத்துக் காட்டினால் பாதிக் கவலை தீரும். முதல் நாளே 30 மில்லி டப்பா பாலைக் கொடுத்து, ‘இப்பதான் புள்ள வயிறு நிறைஞ்சு தூங்குது’ என்பார்கள். அது அந்தச் சின்ன வயிற்றை அளவுக்கு மீறி நிரப்பியதால் வந்த தூக்கம்.

பால் ‘இறங்குவது’ என்று நாம் சொல்வது, அதாவது சீம்பாலுக்குப் பின் பால் நிறைய ஊறத் தொடங்குவது, நஞ்சுக்கொடி வெளியே வந்தபின் 30 முதல் 72 மணி நேரத்துக்குள் நடக்கும். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், உடல் பருமன், அதிக ரத்தப்போக்கு இருந்தவர்களுக்குத் தாமதமாகலாம். இவர்களைப் பிரசவத்தன்றே குறித்துக்கொண்டு முதல் நாளிலிருந்தே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மூன்றாம் நாள் அழுகைக்காகக் காத்திருக்கக் கூடாது.

சிறுநீரை நாளோடு சேர்த்து எண்ணலாம். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையக் கூடாது. மலம் கருப்பிலிருந்து பச்சைக்கும், நான்கு ஐந்து நாளுக்குள் மஞ்சளுக்கும் மாற வேண்டும். ஐந்தாம் நாளும் கருப்பாகவே போனால் பால் உள்ளே போகவில்லை. வார்டில் இருக்கும்வரை டயப்பர் வேண்டாம், வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். டயப்பரில் சிறுநீர் போனதும் தெரியாது, செங்கல் தூள் நிறக் கறையும் தெரியாது. அந்தக் கறை முதல் இரண்டு நாள் இருந்தால் பரவாயில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகும் இருந்தால் நீர்ச்சத்து குறைகிறது.

எடை 7 சதவீதம்வரை குறைவது வழக்கம். அதைத் தாண்டினால் பாலூட்டலைப் பார்க்க வேண்டும். 10 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தத்தில் சோடியம் உப்பின் அளவைப் பார்க்க வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில், மின்விசிறி சரியாக ஓடாத வார்டில், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சலோடு சோர்ந்து கிடக்கும் குழந்தையைப் பார்த்தால் முதலில் எடை போடுங்கள். கிருமித் தொற்றையும் விலக்க வேண்டும்தான். ஆனால் பால் இறங்காமல் வரும் நீரிழப்பும் இதே முகத்தோடு வரும். சிசேரியனில் தாய்க்கு நிறைய டிரிப்ஸ் ஏறியிருந்தால் குழந்தையின் பிறப்பு எடையே கொஞ்சம் கூடுதலாகப் பதிவாகியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பிறப்பு எடை 10 முதல் 14 நாளுக்குள் திரும்ப வர வேண்டும்.

உண்மையிலேயே கூடுதல் பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அதை மறுத்துப் பிடிவாதம் பிடிப்பதும் ஆபத்து. தேவைப்பட்டால் முதலில் தாயின் சொந்தப் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். அது போதாவிட்டால் தாய்ப்பால் வங்கிப் பால், அதுவும் இல்லையென்றால் ஃபார்முலா. அளவு மேலே சொன்ன அதே மில்லி கணக்கு. எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை, எப்போது நிறுத்துவது என்று மூன்றையும் எழுதுங்கள். ‘டாப் ஃபீட்’ (கூடுதல் பால்) என்று மட்டும் எழுதிய கேஸ் ஷீட்தான் ஆறு மாதம்வரை டப்பாவாக நீள்கிறது.

பீய்ச்சுவதைக் கையாலேயே சொல்லிக்கொடுங்கள், பம்ப் பிறகு பார்க்கலாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய அகல வாய் டம்ளரை எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் பின்னால். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றை நோக்கி ஒன்று அமுக்கி, விட வேண்டும். அழுத்து, அமுக்கு, விடு. விரல் தோலின் மேல் சறுக்கக் கூடாது, காம்பைப் பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் வலிக்குமே தவிர பால் வராது. விரலைச் சுற்றிச் சுற்றி இடம் மாற்றி, ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம் என்று மாறி மாறி இருபது முப்பது நிமிடம். முதல் நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். டம்ளரில் ஒட்டிக்கொண்டு வீணாகும் என்பதால், ஊசி கழற்றிய 2 மில்லி சிரிஞ்சைக் காம்பருகே வைத்து நேராக உறிஞ்சிக்கொள்ளலாம்.

கொடுப்பதற்குப் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், இருக்கவே இருக்கிறது. ஆனால் பாலாடையால் புரையேறுவதும் நடக்கிறது. குழந்தை நன்றாக விழித்திருக்க வேண்டும், தலை உயர்ந்து பாதி உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்தால் குழந்தையே நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. தூங்கும் குழந்தைக்கு ஊற்றிய பால் நுரையீரலுக்குப் போகும்.

குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் தாயை மறந்துவிடுவது சகஜம். முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள்ளும் அவர் பீய்ச்சத் தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை, இரவிலும் ஒரு தடவையாவது. முதல் வாரம் பீய்ச்சாத தாயிடம் மூன்றாம் வாரம் பால் கேட்டால் கிடைக்காது. குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் கங்காரு முறை சுரப்புக்கும் உதவும். பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும், நம் ஊர் கோடையில் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. தாய்ப்பால் வங்கிகள் ஆசியாவில் முதலில் மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கின. தானமாக வரும் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிய பிறகே குழந்தைக்குக் கொடுக்கிறார்கள்.

பால் கட்டிக்கொள்வதில் பழைய பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. மார்பு கல் மாதிரி இறுகியதும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பலமாக நீவிவிடுவார்கள். இறுக்கத்தில் பாலோடு நீர்க்கோர்ப்பும் வீக்கமும் சேர்ந்திருப்பதால் பலமாக நீவினால் திசு இன்னும் நொந்துபோகும். காம்பின் அடியைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மென்மையாக அழுத்திப் பிடித்தால் கருவட்டம் இளகும், குழந்தையால் பிடிக்க முடியும். குடித்த பிறகு குளிர்ந்த துணி, தேவைப்பட்டால் இபுப்ரோஃபென். சிவந்து, காய்ச்சலும் வந்து 24 மணி நேரத்தில் குறையாவிட்டால் ஆன்டிபயாடிக்குகளான கிளாக்சாசிலின் அல்லது செஃபாலெக்சின் 500 மில்லிகிராம் நாளுக்கு நான்கு வேளை, 10 முதல் 14 நாள். பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். சீழ் கோர்த்த கட்டி இருந்தால் ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சி எடுக்கலாம். அப்போதும் கொடுக்கலாம்.

மருந்து விஷயத்தில் நம்மில் பலர் யோசிக்காமல் ‘இதைச் சாப்பிடும்வரை பால் கொடுக்காதே’ என்று சொல்லிவிடுகிறோம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென், அமாக்ஸிசிலின், செஃபலோஸ்போரின்கள், இன்சுலின், தைராக்ஸின், ரத்த அழுத்த மருந்துகளான லேபிட்டலால், நிஃபெடிபின் எதற்கும் நிறுத்தத் தேவையில்லை. மயக்க மருந்துக்குப் பிறகு தாய் தெளிந்ததும் கொடுக்கலாம். தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் போட்டுவிட்டுப் பாலூட்டலாம். வலிக்குக் கோடீனும் டிரமடாலும் எழுத வேண்டாம். கதிரியக்க அயோடின், புற்றுநோய் மருந்துகள் உண்மையான தடை. சூடோஎஃபிட்ரின் கலந்த சளி மாத்திரையும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் பால் சுரப்பைக் குறைக்கும். இவற்றைப் பற்றித் தாயிடம் யாரும் சொல்வதில்லை. பால் ஊற டோம்பெரிடோனும் சதாவரியும் எழுதுவது சுலபம். குடிப்பதைப் பார்க்காமல் அதை எழுதுவது வரிசை மாறிய வைத்தியம். பார்த்தும், திருத்தியும், அடிக்கடி பீய்ச்சியும் பால் கூடாவிட்டால் தைராய்டு, கர்ப்பப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துணுக்கு, அதிக ரத்தப்போக்கு இவற்றைத் தேடுங்கள்.

நாம் பேசும் விதமும் வைத்தியத்தில் சேர்த்திதான். “பால் வருதா?” என்று கேட்டால் தலைப்பிரசவத் தாய் பயந்து “தெரியலை” என்பார். “ராத்திரி எத்தனை தடவை குடிச்சான், குடிச்சப்ப எப்படி இருந்துச்சும்மா?” என்று கேட்டால் கதை முழுதும் வரும். காம்பைப் பார்த்து “உள்ளே போயிருக்கே, கஷ்டம்தான்” என்று சிஸ்டர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னதை அந்தத் தாய் இரண்டாவது பிரசவத்திலும் நினைவு வைத்திருப்பார். குழந்தை பிடிப்பது காம்பை விட மார்பைத்தான் என்று காட்டிக்கொடுங்கள். அனுமதி கேட்காமல் மார்பைத் தொடாதீர்கள். பொம்மையை வைத்தோ, உங்கள் முஷ்டியை மார்பாக வைத்தோ காட்டினாலே போதும்.

பாட்டியை ஒதுக்கிவைத்தால் வேலை நடக்காது. சர்க்கரைத் தண்ணி சேனையும், தேனும், கழுதைப்பாலும் பாசத்தில் வருபவை. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது, அதில் நரம்பை முடக்கும் கிருமி வித்து இருக்கக்கூடும் என்று காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வார். “பாட்டிம்மா, எத்தனை துணி நனையுதுன்னு நீங்கதான் கணக்கு வைக்கணும், காலையில எனக்குச் சொல்லணும்” என்று ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று தாயைக் காயப்போடுவதையும் அப்போதே பேசிவிடலாம். பூண்டும் பால்சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடட்டும், நல்ல புரதம்.

வார்டில் டப்பா பால் கம்பெனி காலண்டரோ, பேனாவோ, மாதிரி டப்பாவோ இருக்கக் கூடாது. 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதைத் தடைசெய்கிறது. கம்பெனி செலவில் கருத்தரங்கு போவதும் அதில் அடங்கும்.

டிஸ்சார்ஜ் அன்று காலை எடை போட்டு, அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் ஒரு தேதி கொடுத்து, அதையும் எழுதுங்கள். ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர், மூன்று மணி நேரத்துக்கு மேல் எழுப்பியும் குடிக்காத தூக்கம், கால்வரை பரவிய மஞ்சள், தாய்க்குக் காய்ச்சல் என்றால் தேதிக்குக் காத்திராமல் வரச் சொல்லுங்கள். மஞ்சளுக்கு இளவெயிலில் காட்டினால் போதும் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வைட்டமின் டி 400 யூனிட் சொட்டு மருந்தை எழுதி, எத்தனை மில்லி என்று டிராப்பரைக் காட்டிச் சொல்லுங்கள், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி செறிவு மாறும். கிராம சுகாதார செவிலியரின் போன் எண் தாயிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேதியில் வரும்போது எடையை மட்டும் போட்டு அனுப்பாமல், மறுபடி ஒருமுறை ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து குழந்தை குடிப்பதைப் பார்க்க வேண்டும். வார்டில் நன்றாகப் பிடித்த குழந்தை, வீட்டுக்குப் போய்ப் பால் கட்டிய மார்பில் நழுவத் தொடங்கியிருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.